பாப்பாவுக்கு, கம்பு மாவோடு ஒரு கடிதம்

அருட்பெருஞ்ஜோதி

குறிஞ்சிப்பாடி,
மாசி 6

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி வீட்டாரும் நலம்.

தைப்பூசத்துக்கு வந்துவிட்டு நீ புனேவுக்கு ரயிலேறி இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. இடையில் மூன்று தடவை போன் செய்தாய். மூன்று தடவையும் "சாப்பிட்டேம்மா, அப்புறம் கூப்பிடறேம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வேலை நெருக்கடியாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார். இருக்கட்டும். நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் போட்டு அனுப்புகிறேன். படித்து முடிக்காமல் மடித்து வைத்துவிடாதே.

சிவப்பி கன்று போட்டிருக்கிறது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சீம்பால் காய்ச்சும்போது உன் நினைவுதான். ஏலக்காய் போடாமல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பாயே. அங்கே உனக்கு ஒரு டம்ளர் பால் யார் காய்ச்சித் தருகிறார்கள்? விடுதியில் காலை ஏழு மணிக்கு எடுத்து வைக்கிற உப்புமாவை ஒன்பதரைக்கு எழுந்துதான் பார்க்கிறேன் என்று நீயே சொன்னாய். ஆறிப்போன உப்புமா தொண்டையில் இறங்குமா? டீயும் ரஸ்க்கும் தின்றுவிட்டு மதியம் மூன்று மணிவரை லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? நம் முந்திரிக் கொல்லை பூத்திருக்கிறது, அதைப் பற்றி எழுத நினைத்தேன், கை இங்கே வந்துவிட்டது.

சரி, பார்சலில் இருப்பதைச் சொல்கிறேன். பெரிய டப்பாவில் முளைகட்டிய கேழ்வரகு மாவு. இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டி முளை விடவைத்து, நிழலில் உலர்த்தி வறுத்து அரைத்தது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடைப் பாலில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அரிசியில் அது பேருக்குத்தான். ஆயா 83 வயதிலும் கிணற்றில் நீர் இறைத்தது சும்மா இல்லை. இரண்டு ஸ்பூன் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றித் துழாவாதே, மாவு வேகாது. உங்கள் விடுதிச் சமையல்கட்டில் பத்து நிமிடம் அடுப்பைக் கேள். கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. உனக்குத்தான் கேட்க வராது.

சின்னப் பொட்டலத்தில் கம்பு மாவு. சிவப்பு அவல் ஒரு கிலோ, இதற்கு அடுப்பே வேண்டாம். பத்து நிமிடம் நீரில் ஊறினால் போதும், வெல்லத்தைத் தூளாக்கிப் போட்டு, கிடைத்தால் தேங்காய் துருவிச் சாப்பிடு. மல்லாட்டை (வேர்க்கடலை) வறுத்தது இரண்டு கிலோ, நம் கொல்லையில் விளைந்தது. தோலோடு தின்னு. அப்புறம் கரிசாலை என்கிற கரிசலாங்கண்ணிப் பொடி. கடைப் பொடி இல்லை, வாய்க்கால் ஓரம் மஞ்சள் பூ பூக்கிற கரிசாலையை நானே பறித்து நிழலில் காயவைத்தது. வள்ளலார் பெருமானார் தினமும் சேர்த்துக்கொள்ளச் சொன்ன கீரை. காலையில் டீக்குப் பதில் அரை ஸ்பூன் கொதிக்கவைத்து நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடி. முதல் இரண்டு நாள் கசக்கிற மாதிரி இருக்கும், பிறகு நாக்கு கேட்கும்.

உங்கள் ஊரிலேயே சோளத்திலும் கம்பிலும் ரொட்டி தட்டுகிறார்களாமே, பாக்ரி என்று. வேர்க்கடலைச் சட்னியும் பச்சை வெங்காயமும் வைத்துச் சாப்பிடுவார்களாம். நம் கம்பங்கூழுக்கு மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் கடித்துக்கொள்கிற மாதிரிதானே அது. அந்த மண்ணில் விளைந்ததை அந்த ஊர்க்காரர்கள் கையால் தின்பதுதான் உனக்கு நல்லது. நான் இங்கிருந்து மூட்டை கட்டி அனுப்புவது எத்தனை நாளைக்கு வரும்? ஆனால் சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் என்று வாங்காதே. அட்டையைத் திருப்பிப் படித்துப் பார், முதலில் மைதாவும் சர்க்கரையும் இருக்கும், கேழ்வரகு கடைசியில் இருக்கும். தானியம் தானியமாக இருக்கும்போதுதான் உடம்புக்குச் சோறு.

நர்சம்மா போன வாரம் அங்கன்வாடியில் பேசினார்கள். கீரையோ கம்போ சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால்தான் அதில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டுமாம். சாப்பாட்டோடும், சாப்பிட்ட உடனேயும் டீ குடித்தால் அந்தச் சத்தை டீயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார்கள். பார்சலில் நெல்லி வற்றல் அதற்குத்தான். 2019-21இல் எடுத்த கணக்கில் நம் மாநிலத்தில் நூற்றுக்கு 53 பெண்களுக்கு ரத்தம் குறைவு என்று அவர்கள் சொன்னபோது, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். உன்னையும் சேர்த்து எண்ணினேன்.

பசி வந்தால் தள்ளிப்போடாதே பாப்பா. எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

சின்ன வயதிலிருந்து உன்னை வடலூர்த் தருமசாலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். 1867 வைகாசியில் பெருமானார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதை நீ என் இடுப்பில் இருந்தபடியே பார்த்திருக்கிறாய். அவர் கோயில் கட்டுவதற்கு முன்னால் சமையல்கட்டைத்தான் கட்டினார். ஞான சபை வந்தது ஐந்து வருடம் கழித்து, 1872இல். பசியோடு இருக்கிறவனுக்கு அறிவு மங்கும், மனம் தடுமாறும், கடவுளை நினைக்க முடியாது, அதனால் முதலில் சோறு என்பதுதான் அவர் வைத்த வரிசை. பசி கண்டவுடன் தடை செய்யாமல் உணவு கொடு, சாப்பிடும்போது அவசரமும் வேண்டாம், மெத்தனமும் வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் அவர் விதித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை உனக்கு எதற்கு இத்தனை நீட்டி எழுதுகிறேன் என்றால், பூசத்தன்று சபையில் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. ஏழு திரையும் விலகி ஜோதி தெரிந்தபோது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீ மணலில் உட்கார்ந்துவிட்டாய். "நின்னா கண்ணு இருட்டுதும்மா" என்றாய். அப்புறம் வீட்டுக்கு நடந்து வரும்போது, "கண்ணை மூடினா உள்ள ஒண்ணுமே இல்லம்மா, விளக்கேத்தறதையே விட்டுட்டேன்" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னேன். அது பதிலே இல்லை.

பதிலை இப்போது எழுதுகிறேன். எனக்கும் இருபது வருடம் அப்படித்தான் இருந்தது. விளக்கின் முன்னால் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தூங்கி விழுவேன். பக்தி போதவில்லை, முன்வினை என்று நினைத்து அழுதிருக்கிறேன். ஆயாவும் அப்படித்தான் சொல்லும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அரிசி புடைக்கும்போது கை தானாக ஒரு பிடி எடுத்து வாயில் போடும். 47 வயதில் நர்சம்மா விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் ஒன்பதுக்கும் கீழே இருக்கிறது, பெண்களுக்குப் பன்னிரண்டாவது வேண்டும், பச்சரிசி தின்பதும் அதனால்தான் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கூடவே கூழும் முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் விடாமல் சாப்பிட்டேன், அதுவும் நேரத்துக்கு. நாலாவது மாதம் ஒரு விடியற்காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தவள், அப்பா பால் கறந்துவிட்டு வந்து கூப்பிடும்வரை எழவில்லை. மனம் அசையாமல் இருந்தது. புதிதாக மந்திரம் எதுவும் நான் கற்றுக்கொள்ளவில்லை பாப்பா, உடம்பில் ரத்தம் ஊறியிருந்தது.

பூசத்துக்கு வந்திருந்தபோது நீ அரிசிப் பானை பக்கத்தில் நின்று பச்சரிசி மென்றுகொண்டிருந்தாய். கல்யாணத்தன்று மழை கொட்டப்போகிறது என்று அப்பா கேலி செய்தார், நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி உன் பையில் முறுக்குப் பொட்டலம் வைக்கும்போது ஓரத்தில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. பிள்ளையின் பையைத் துழாவுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் பிரித்துப் பார்த்தேன். 8.4 என்று இருந்தது. பக்கத்தில் கறுப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. தேதி மார்கழிக்கு முந்தியது. இரண்டு மாதமாக அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு எங்களிடம் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறாய்.

கோபம் வந்தது. படித்த பிள்ளை, நாலு பேருக்கு வேலை சொல்கிற இடத்தில் இருக்கிறவள், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவள், தம்பி வீட்டுக் கடனில் பாதியைத் தலையில் போட்டுக்கொண்டவள், தனக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போடத் தெரியாதா என்று. நம் சொந்தத்தில் உன்னைப்போல் ஒரு பெண் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்தப் பெருமையோடே கோபப்பட்டுக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை. அப்போதுதான் அந்த ஞாபகம் வந்தது.

உனக்குப் பதினோரு வயது. பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் நம் வாசலில் இறங்கினார்கள், நாற்பது பேர். நீதான் இலை போட்டாய், நீதான் தண்ணீர் வைத்தாய், சாம்பார் வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினாய். அப்புறம் அப்பா சாப்பிட்டார், தம்பி சாப்பிட்டான். ராத்திரி பார்த்தால் பானையில் ஒன்றும் இல்லை. வடிகஞ்சியில் உப்புப் போட்டு உனக்கு நீட்டினேன். "எனக்குப் பசிக்கலம்மா, நீ குடி" என்றாய். பொய் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து நீ தின்றது அரை வாழைப்பழம். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஒரு பிடி அரிசி போட்டிருந்தால் அரை மணியில் வெந்திருக்கும். நான் போடவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அது மட்டும் இல்லை. நீ அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெண் பசியை வெளியே காட்டாது என்று அடுத்த நாளே அத்தையிடம் சொன்னேன். வருடக்கணக்கில் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு நிற்கும்போதே சொன்னேன்.

பால் இருந்தால் தம்பிக்கு, உனக்கு மோர். நெய் அப்பாவுக்கு. வெள்ளிக்கிழமை விரதம் உனக்கும் எனக்கும் மட்டும். நீ பெரிய மனுஷி ஆனபோது ஏழு நாள் கறுப்பு உளுந்துக் களி கிண்டி நல்லெண்ணெயும் கருப்பட்டியும் ஊற்றிக் கொடுத்தேன், அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மாதாமாதம் உடம்பிலிருந்து போவது ஏழு நாள் களியிலா நிரம்பும்? தருமசாலையில் ஊருக்கெல்லாம் காய் நறுக்கிவிட்டு வந்து, என் பிள்ளையைக் கடைசியில் உட்காரவைத்தேன். எந்த உயிருக்கும் பசி வரக்கூடாது என்று கும்பிட்ட கையாலேயே செய்தேன். போனில் நீ "சாப்பிட்டேம்மா" என்னும்போது அந்தப் பதினோரு வயதுக் குரல்தான் கேட்கிறது. அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அதனால் இனி உன்னைத் திட்டுகிற வாய் எனக்கு இல்லை. கேட்டுக்கொள்கிறேன். 8.4க்குக் கூழும் கீரையும் மட்டும் போதாது, நர்சம்மாவிடம் ஊர் பெயர் சொல்லாமல் விசாரித்துவிட்டேன். டாக்டரைப் பார். ஏன் குறைந்தது என்று அவரிடம் கேள், மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல். மாத்திரை கொடுத்தால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிடாதே, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அது அப்படித்தான் போகும். உன்னைச் சுமந்தபோது கொடுத்த சத்து மாத்திரையை, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கிணற்றடியில் கொட்டியவள் நான். நீ இரண்டே கால் கிலோதான் பிறந்தாய். வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டுவிடு. நானும் போன வாரத்திலிருந்து விட்டுவிட்டேன், அப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முதல் நாள் அவரே தட்டு எடுத்து வைத்தார்.

விளக்கேற்றுவது ஏற்றாதது உன் விருப்பம். முதலில் சாப்பிடு. பசி வந்தால் தள்ளிப்போடாதே.

அம்மா

பி.கு.: கம்பு மாவு பத்து நாளுக்கு மேல் போனால் கசந்துவிடும், அதனால்தான் கொஞ்சமாக வைத்திருக்கிறேன். தீர்ந்ததும் எனக்குச் சொல். தீராவிட்டாலும் சொல்.