அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். வட்டாரப் போட்டிகளில் சிலர் பரிசு வாங்கி வந்தார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள். திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் கைக்கு வரும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு நூலகப் பாடவேளையில் தமிழாசிரியை ஒரு பயிற்சி தொடங்கினார். கவிஞர் கண்ணதாசன் எதையெல்லாம் படித்தார், படித்தது அவர் பாட்டில் எங்கே வந்து நிற்கிறது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். "பள்ளிக்கூடத்தில் சினிமாப் பாட்டா?" என்று சிலர் கேட்டீர்கள். அந்தப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொன்னீர்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வகுப்பில் நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒரு நாள் நானும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஆசிரியை கரும்பலகையில் 1094ஆம் குறளை எழுதினார். "யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்." அவர் பொருள் சொல்லத் தொடங்கும் முன்பே என் பக்கத்தில் இருந்த பையன் ஒரு மெட்டை முணுமுணுத்தான். 1965இல் வந்த 'வாழ்க்கைப் படகு' படத்தில் 'நேற்று வரை நீ யாரோ' என்ற பாட்டு. காதலன் பார்க்கும்போது காதலி மண்ணைப் பார்ப்பதாக வரும் இடம். தாத்தாவின் ரேடியோவில் கேட்டதாம். அதே பாட்டின் தொடக்கத்தைக் குறுந்தொகை 40ஆம் பாட்டின் "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற அடிக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினார் ஆசிரியை. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. காதல் பாட்டாயிற்றே என்று கவலைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பாட்டு ஏற்கெனவே பிள்ளையின் காதில் இருக்கிறது. அதற்குக் கீழே வள்ளுவர் இருக்கிறார் என்பதை நாங்கள் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பட்டினத்தார். செல்வமும் வாழ்வும் வீட்டோடு, மனைவி வீதியோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு நின்றுவிட, கூடவே தொடர்வது "இருவினைப் புண்ணிய பாவமுமே" என்று அவர் முடிக்கிறார். 1962இல் வந்த 'பாத காணிக்கை' படத்தின் 'வீடு வரை உறவு' அந்த வழியிலேயே நடக்கிறது. "அப்படியானால் இது காப்பிதானே?" என்று ஒருவன் கேட்டான். ஒரு மாணவி எழுந்து, "இல்ல டீச்சர், பட்டினத்தார் பதில் சொல்லிட்டார். கண்ணதாசன் அந்தப் பதிலை எடுத்துட்டு 'கடைசி வரை யாரோ'ன்னு கேள்வியா விட்டுட்டார்" என்றாள். முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் பாட்டு. எனக்கு அது தோன்றியதில்லை.

"கண்ணதாசன் எட்டாம் வகுப்புதானே படித்தார், பிள்ளைகளுக்கு இது தவறான முன்னுதாரணம் ஆகாதா?" என்றும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தவருக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது உண்மை. படிப்பு நிற்கவில்லை. கம்பனை எதிர்த்த திராவிட இயக்கத்தில் இருந்தபோதே அவனைப் படித்துப் பார்க்கத் தொடங்கி, கடைசியில் அந்தக் கவிதைக்கே ஆட்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். "தோள்கண்டார் தோளே கண்டார்" என்ற கம்பன் அடி 'இதயக் கமலம்' படத்தில் பாட்டாகவே வந்தது. பிடிக்காததையும் படித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

அந்தப் பாட்டை முணுமுணுத்த பையன் அன்று மாலை திருக்குறள் உரை ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனான். மறுநாள் காலை புத்தகம் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "பரீட்சை முடியும்வரை இவனுக்குப் புத்தகம் தர வேண்டாம்." அவன் என் மேசையில் அதை வைத்துவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனான். இந்தப் பருவத்தில் இப்படிப் பல சீட்டுகள் வந்துவிட்டன. சில புத்தகங்கள் பீரோவில் பூட்டி வைக்கப்பட்டதால் திரும்பவே இல்லை.

ஆகவே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூலகப் பாடவேளை வேறு எந்தப் பாடத்துக்கும் போகாது. பிள்ளை எடுத்துவரும் புத்தகத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள். அது பள்ளியின் சொத்து. அடுத்த பிள்ளை அதற்குக் காத்திருக்கிறது. வகுப்பு வாசலில் ஆசிரியையை நிறுத்திப் பிள்ளைகள் முன்னால் கேள்வி கேட்பதை இனி அனுமதிக்க மாட்டேன். குறை எதுவானாலும் மாலை 4 மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசலாம்.

மதிப்பெண் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளையின் படிப்புக்காக எத்தனை பேர் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளை பாடத்தில் பின்தங்கியிருந்தால் சொல்லுங்கள், தனியாக நேரம் ஒதுக்க ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள்.

பயிற்சிக்குத் துணை நின்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வீட்டில் பழைய பாட்டுகளைப் பாடிக் காட்டிய தாத்தா பாட்டிகளுக்குத் தனி நன்றி. ஒரு பாட்டி, தம்மிடம் இருந்த பட்டினத்தார் பாடல் தொகுப்புக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பேத்தி கையில் நூலகத்துக்கே கொடுத்தனுப்பியிருக்கிறார். அட்டையின் மேல் பென்சிலில் "பத்திரம்" என்று எழுதியிருந்தது. அதை முதல் அலமாரியில் வைத்திருக்கிறோம்.

வீட்டில் தங்கிவிட்ட நூலகப் புத்தகங்களைப் பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள். அபராதம் கிடையாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்