டர்போ மீது பழி போடுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய டீசல் கார் வாங்குவோருக்கு நீங்கள் சொல்லியிருந்த யோசனைகளில் பெரும்பாலானவை சரியானவை. ஆனால் ‘மேட்டில் இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது என்றால் டர்போ போய்விட்டது, மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்’ என்றிருந்ததை மட்டும் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. விலையைக் குறைக்க நல்ல உத்திதான். வாங்கியவர் அதையே நம்பிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் கதை வேறு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போ புதிதாக ஏறிவிடும், இழுவை வராது.

காரமடையில் டீசல் வேலை பார்ப்பவன் நான். ஊட்டி ரோடு பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் கேஸ்தான் அதிகம் வரும். சமதளத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, மலை ஏற்றம் தொடங்கும் கல்லாறு தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சமீபத்தில் ஒரு தம்பி 1.3 லிட்டர் டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். “டர்போ போச்சுங்கண்ணா, மாத்தோணும்னு சொல்லீட்டாங்க” என்றார். கையில் அரை லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட். எங்கே போட்டது என்பது இங்கே வேண்டாம். டர்போவில் விசில் சத்தம் இல்லை, நீலப்புகை இல்லை, ஆயில் குறையவில்லை. டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் மட்டும் ஆயில் கலந்த புழுதி கோடு போட்டது மாதிரி படிந்திருந்தது. கையால் வளைத்ததும் வெடிப்பு வாயைத் திறந்தது. ஐடிலில் அது மூடிக்கொண்டிருக்கும். மிதித்து அழுத்தம் ஏறினால்தான் திறக்கும், உள்ளே போக வேண்டிய காற்று வெளியே போகும். டீசலுக்கேற்ற காற்று கிடைக்காததால்தான் கரும்புகை. ஹோஸும் கிளிப்பும் மாற்றினோம். வண்டி ஊட்டி போய்விட்டது.

கண்ணில் படாத லீக்குக்கும் வழி இருக்கிறது. டர்போவுக்குக் காற்று நுழையும் வாயில் ஒரு பிவிசி மூடியைப் பொருத்தி, அதில் டயர் வால்வு ஒன்றை வைத்துக் காற்று ஏற்ற வேண்டும். பிறகு ஹோஸ், கிளிப், இன்டர்கூலர் முனைகளில் சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழி வரும். பஞ்சர் கடையில் ட்யூபை முக்கிப் பார்ப்பது போலத்தான். 1 பார் அழுத்தத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் கம்ப்ரஸரை நேராகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். இன்ஜின் ஆவியைக் காற்று வாய்க்குக் கொண்டுவரும் பிரீதர் பைப்பைக் கழற்றி அந்தத் துவாரத்தை அடைத்துவிட வேண்டும். மறந்தால் காற்று இன்ஜினுக்குள் இறங்கி ஆயில் சீலைப் பதம் பார்த்துவிடும்.

ஸ்கேனர் போட்டால் பி0299 என்ற பழுதுக் குறியீடு வரும். அதைக் காட்டித்தான் ‘கம்ப்யூட்டரே டர்போன்னு சொல்லுது’ என்கிறார்கள். அந்தக் குறியீட்டுக்கு அர்த்தம், கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) வரவில்லை என்பது மட்டும்தான். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. குறியீட்டை விட, ஸ்கேனரில் அப்போதைக்கப்போது ஓடும் லைவ் டேட்டாதான் பேசும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் எண்ணைப் பாருங்கள். அந்த இடத்துக் காற்றழுத்தம் வர வேண்டும்: சென்னையில் 101 கிலோபாஸ்கல் அளவில், எங்கள் பக்கம் 97 அருகே, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77 அருகே. இதிலேயே எண் தப்பாக இருந்தால் குறை சென்சாரிலோ ஒயரிங்கிலோதான். சரியாக இருந்தால் வண்டியை மேட்டில் ஏற்றி, மிதித்துப் பிடித்துக்கொண்டு பாருங்கள் (எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும்). நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான டீசல் கார்களில் அது ஏறத்தாழ இரு மடங்காக ஏறும். நூற்று இருபதிலேயே நின்றால் பூஸ்ட் வரவில்லை.

பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்தான் பலரையும் குழப்புவது. சாதாரண வேஸ்ட்கேட் டர்போவில் (பூஸ்ட் மிஞ்சினால் புகையை வேறு வழியில் திறந்துவிடும் வகை) அந்த ஹோஸ் கழன்றால் பூஸ்ட் குறையாது, அளவுக்கு மேல் ஏறும். வேக்கத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பில், இயங்கும் விஜிடி டர்போவில் (இறகுகளின் கோணம் மாறும் வகை) அதே ஹோஸ் வெடித்தால் உள்ளே இருக்கும் இறகுகள் திறந்தபடியே நின்றுவிடும், இழுவை போய்விடும். ஆகவே எந்த வகை என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். விஜிடியில் கையால் அடிக்கும் வேக்கம் பம்ப்பை ஆக்சுவேட்டரில் மாட்டினால் ராடு தடங்கலில்லாமல் உள்ளே போய் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கினால் உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. அசையவே மறுத்தால் கரி பிடித்து இறகுகள் இறுகியிருக்கும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிகளில் இது சகஜம். பல சமயம் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே போதும். இவற்றோடு ஏர் ஃபில்டர், திறந்தபடி சிக்கிய இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது), அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்வது) மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

‘இன்டர்கூலர் பைப்பில் ஆயில் ஈரம் இருந்தால் டர்போ சீல் போனதற்கு அடையாளம்’ என்றும் உங்கள் யோசனைகளில் இருந்தது. இதுவும் தப்பு. பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவி கொஞ்சம் படியத்தான் செய்யும். தேங்கி வழிந்தால்தான் கவலை. டர்போவின் நடுத்தண்டான ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம், ஏனென்றால் அந்த பேரிங் ஆயிலில் மிதக்கும் வகை. முன்னும் பின்னும் இழுத்தால் கையில் தெரிகிற ஆட்டமோ, பிளேடு சுற்றியுள்ள கூட்டில் உரசிய தடமோ இருந்தால் டர்போ போனதுதான்.

அப்படி உண்மையிலேயே போயிருந்தால் ஏன் போனது என்று பார்க்காமல் புதிது மாட்டக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் ஷாஃப்டுக்கு ஆயில் நின்றால் கொஞ்ச நேரம் கூடத் தாங்காது. ஆயில் வரும் பைப்பில் கரி அடைத்திருக்கும், அல்லது திரும்பும் பைப் நசுங்கியிருக்கும், அல்லது முன்பு வேலை பார்த்தவர் ஜாயிண்டில் அப்பிய சிலிகான் பசை உரிந்து வழியை மறித்திருக்கும். பைப்பைப் புதிதாக மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மாட்டும்போது டர்போவுக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிய புது டர்போ சீக்கிரமே திரும்பி வரும்.

பழையதைப் பழுதுபார்த்து விற்கும் ரீகண்டிஷன் டர்போ பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. பழைய கார் வாங்குபவர்களில் பாதிப் பேர் அதைத்தான் தேடுவார்கள் என்பதால் அடுத்த இதழில் ஒரு பத்தியாவது போடுங்கள். கோர் (ஷாஃப்ட், பிளேடு, பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றியதும் அதிவேக பேலன்ஸிங் மெஷினில் ஓட்டிப் பார்த்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும், ரிப்போர்ட் தர மறுக்கிற கடையில் வாங்கக் கூடாது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
காரமடை.