முருங்கையை வெட்டாதே

டுவிக்கன்ஹாம், லண்டன்
ஜூன் 24

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதத்தைப் படம் பிடித்து உன் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். இந்த வயதிலும் உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற மதினி விடமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பியிருக்கிறாய். நானாக இருந்தால் மாடிக் கதவுக்குப் பூட்டே போட்டிருப்பேன்.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தாய். கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கிறது, வெட்ட ஆள் சொல்லியாயிற்று என்று. அந்த ஆளை ஒரு மூன்று வாரம் நிறுத்தி வை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்: ஆறு மாதமாக இந்த ஊரில் என்னத்தைப் பார்த்தேன்?

பார்த்ததற்குக் குறைச்சல் இல்லை. வந்த பத்தாவது நாளே மகன் ஒரு பஸ் டூருக்கு டிக்கெட் போட்டுவிட்டான். ஒரே நாளில் வின்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச், பாத் நகரம். எந்தக் கம்பெனி என்று கேட்காதே. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ் எட்டரைக்குக் கிளம்பியது. தொலைத்த அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கள் தலையில்தான் கட்டினார்கள். வின்ட்சரில் மதிலோரமாக ஓட்டம். ஸ்டோன்ஹெஞ்சில் நாற்பது நிமிடம். 4,500 வருஷமாக நிற்கிற கல்லுக்கு நாற்பது நிமிடம்! அதுவும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று பார்க்க வேண்டும். சின்னக் கற்கள் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், வேல்ஸிலிருந்து வந்தவை என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். என் கண் வேறிடத்தில் இருந்தது. மேலே, இரண்டு கல் சேருகிற இடுக்கிலிருந்து ஒரு குட்டிக் காக்கை தலையை நீட்டி எங்களை வேடிக்கை பார்த்தது. பிடரி சாம்பல், கண் வெளிறி வெள்ளையாக. ஜாக்டா என்று பெயராம். அந்தக் கற்களுக்குள் வருஷா வருஷம் கூடு வைக்கிறதாம். கயிறு நமக்குத்தான், அதற்கு இல்லை.

பாத் இன்னும் மோசம். ரோமானியர் கட்டின குளம், ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர், 46 டிகிரி சூட்டில் தானாக ஊறி வருகிறது. ஆவி பறக்கிறது. விரலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். குற்றாலத்தில் வளர்ந்தவனை அருவிக்கு முன்னால் நிறுத்தி, பார்த்தாயிற்றா, ஏறு பஸ்ஸில் என்றால் எப்படி இருக்கும்?

அன்றோடு பஸ் டூருக்குக் கும்பிடு. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் ரயிலில் என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். அப்படிப் போனதில் உனக்குச் சொல்ல வேண்டியது ஆக்ஸ்ஃபோர்டு.

பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம். எல்லோரும் கல்லூரிக் கட்டடங்களைப் பார்க்கப் போக, நான் வால்டன் தெருவில் விசாரித்து விசாரித்து செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சாயர்புரத்தில் நீ படித்த கல்லூரிக்கு யார் பெயரோ, அந்த ஜி.யு. போப் அங்கேதான் படுத்திருக்கிறார். புல் முட்டளவு. பெரிய மரங்கள். ஆளே இல்லை. நம் தமிழாசிரியர் ஒரு தடவையாவது கண் கலங்காமல் சொன்னதுண்டா, "என் கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதுங்கள் என்றார் போப்" என்று? எழுதியிருக்கவில்லை சுப்பையா. கல்லை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். பெயர், பிறந்த வருஷம் 1820, இறந்த வருஷம் 1908, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தவர் என்பது. அதற்குக் கீழே இருக்கிறது விஷயம்: அந்தக் கல்லை வைத்தது அவர் குடும்பமும் தென்னிந்தியாவில் இருந்த அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து. வாத்தியார் சொன்ன கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் காலத்திலேயே நம் பக்கத்து ஆட்கள் அவரை மறக்காமல் கல்லில் சேர்ந்திருக்கிறார்கள், பார். குறளை 66 வயதில் ஆங்கிலத்தில் போட்டார், திருவாசகத்தை 80 வயதில். நாம் எழுபதிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

அங்கிருந்து நடந்து இயற்கை அருங்காட்சியகம். அதன் கோபுரத்தில் உழவாரன் குருவிகள் கூடு வைக்கின்றன. 1948-இலிருந்து விடாமல் அவற்றைக் கவனித்து எழுதி வருகிறார்கள். குஞ்சு பொரிக்கிற நாட்கள் போக, வருஷத்தில் பத்து மாதம்வரை கீழே இறங்காமல் காற்றிலேயே இருக்கிற ஜீவன் அது. கழுத்து வலிக்கிற வரைக்கும் வெளியே நின்று பார்த்தேன். கிறீச்சென்று கத்திக்கொண்டு கூட்டமாகக் கோபுரத்தைச் சுற்றின. உள்ளே டைனோசர் எலும்பைப் பார்க்க நேரம் இல்லாமல் போய்விட்டது. பேரனுக்கு அதில் இன்னும் கோபம்.

சரி, பறவைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பாய். வந்த புதிதில் வெளியே போக முடியாத குளிர். மகன் வீட்டின் பின்பக்கம் நீளவாக்கில் ஒரு தோட்டம், நம் கொல்லை அளவுதான், பலகை வேலி. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் காலை, பனி பூத்த வேலி மேல் பச்சையாக என்னவோ. பச்சைக்கிளி! சிவப்பு மூக்கு, கழுத்தில் கறுப்பும் ரோஜாநிறமுமாக வளையம், அதே கீ கீ. நம் கோபுரப் பொந்தில் இருக்கிற அதே ஜாதி. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அய்யோ, இதுக்கு யார் ஸ்வெட்டர் போட்டுவிடுவா?" என்றாள்.

இந்த ஊர் லண்டன் முழுக்க இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம். கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்தவை தப்பியும் அவிழ்த்துவிட்டும் 1970 வாக்கிலிருந்து இங்கேயே குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டன. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற கிதார்க்காரர்தான் ஒரு ஜோடியை அவிழ்த்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக் கிழவர் அடித்துச் சொல்கிறார். கதைதான். மரபணுவைப் பார்த்தவர்கள் இவற்றின் பூர்வீகம் பெரும்பாலும் பாகிஸ்தானும் வடஇந்தியாவும் என்கிறார்கள். கிழவருக்கு இவற்றைக் கண்டால் ஆகாது, சின்னக் குருவிகளைத் தீனியிடம் அண்டவிடுவதில்லை என்பார். அதில் உண்மை உண்டு, நானே பார்க்கிறேன். ஆனாலும் அவர் திட்டும்போது எனக்கு என்னவோ போல் இருக்கும்.

ஜனவரி கடைசி வாரக் கடைசியில் இந்த நாடு முழுக்க ஜனங்கள் ஒரு மணி நேரம் தங்கள் தோட்டத்தில் உட்கார்ந்து பறவை எண்ணுகிறார்கள். 1979-இலிருந்து நடக்கிறது. பேரனும் நானும் எண்ணினோம். அவன் ஒரே ராபினை மூன்று தடவை எண்ணிவிட்டான். முறை அதுவல்ல: ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதில் அதிகம் எவ்வளவோ அதைத்தான் எழுத வேண்டும். எங்கள் கணக்கு: கிளி ஆறு, காட்டுப் புறா இரண்டு, சிட்டுக்குருவி நான்கு, ராபின் ஒன்றே ஒன்று.

பிறகு தீனி வைக்க ஆரம்பித்தேன். கம்பிவலைக் குழாயில் உப்பில்லாத பச்சைக் கடலை. நீ கொடுத்தனுப்பிய கோவில்பட்டி கடலைமிட்டாயில் ஒரு துண்டைப் பேரன் பலகையில் வைத்துப் பார்த்தான். அணில் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. இங்கே அணில் பூனைக்குட்டி அளவு, சாம்பல் நிறம், முதுகில் ராமர் தடவின கோடு கிடையாது. அதனால்தான் இந்த அடாவடி போலிருக்கிறது. இதுவும் வந்தேறிதான், அமெரிக்காவிலிருந்து 1876-இல். பலகையில் வைப்பதற்கென்று கடையில் உருண்டையாக விற்கிற மாட்டுக் கொழுப்பை வீட்டுக்காரி உள்ளே விடவில்லை. தாவரக் கொழுப்பில் ஓட்ஸைப் பிசைந்து நாங்களே உருட்டினோம். கோல்ட்ஃபிஞ்ச் என்று முகம் சிவப்பும் இறக்கையில் மஞ்சள் பட்டையுமாக ஒரு குருவி. அதற்கென்று கறுப்பாக, ஊசி மாதிரி ஒரு விதை வாங்கினேன். பாக்கெட்டில் இந்தியாவில் விளைந்தது என்று போட்டிருந்தது. கையில் கொட்டிப் பார்த்தால் பேயெள்! கிருஷ்ணகிரிப் பக்கம் விதைப்பார்களே, அதேதான்.

இதில் ஒரு தப்பும் செய்தேன். மார்ச்சில் ஒரு வாரம் ஓயாத மழை, குழாயைக் கழுவாமல் விட்டுவிட்டேன். விதை ஊறிப் புளித்துக் கிடந்தது. அடுத்த வாரம் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவி ஒன்று தீனிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. இறகைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு, அலகெல்லாம் ஈரம். ஒரு விதையை எடுக்கும், உருட்டும், விழுங்க முடியாமல் கீழே போடும். நான் இரண்டடி பக்கத்தில் போயும் பறக்கவில்லை. மறுநாள் காலை அதே இடத்தில் செத்துக் கிடந்தது. தொண்டையில் வருகிற ஒட்டுண்ணி நோயாம், எச்சில் பட்ட தீனியிலும் தண்ணீரிலும் பரவும். இந்த நோயால் கிரீன்ஃபிஞ்ச் ஏகத்துக்கும் அழிந்து, 2021-இல் இந்த நாட்டில் அருகிவரும் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. என் குழாயால்தான் அது செத்தது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இறக்கிக் கழுவிக் காயவைத்து, மூன்று வாரம் எதுவும் வைக்கவில்லை. இப்போது வாரம் தவறாமல் கழுவுகிறேன், தண்ணீர் தினமும்.

இனி முருங்கை. ஏப்ரலில் பேரனும் நானும் ஒரு மரப்பெட்டி அடித்தோம். 25 மில்லிமீட்டர் ஓட்டை, அதற்கு மேல் போனால் பெரிய குருவி உள்ளே வந்துவிடும். வெயில் அடிக்காத வடகிழக்குச் சுவரில், ஏணி வைத்து மூன்று மீட்டர் உயரத்தில் மாட்டினோம். ப்ளூ டிட் ஜோடி ஒன்று குடிவந்தது. நம் பட்டாணிக்குருவிக்குச் சொந்தக்காரன், நீலத் தொப்பி, பத்து கிராம்தான் இருக்கும். மே மாதம் குஞ்சு பொரித்த பிறகு அந்த இரண்டும் பட்ட பாடு! பேரன் ஒரு மணி நேரத்தில் 31 நடை எண்ணினான். ஒவ்வொரு நடைக்கும் வாயில் பச்சைப் புழு. ஒரு குஞ்சு நாளைக்கு நூறு புழுவரை தின்னுமாம். நான் காசு கொடுத்து வாங்கி வைத்த தீனியை அந்த நாட்களில் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் இருக்கிற ஓக் மரத்துக்கும் பெட்டிக்கும்தான் ஓட்டம்.

உன் கொல்லையில் அந்த ஓக் மரம் எதுவென்று தெரிகிறதா? கம்பளிப்பூச்சியை மற்றப் பறவைகள் பெரும்பாலும் தொடாது, ரோமம் குத்தும். ஆனால் சுடலைக்குயிலும் அதன் கூட்டாளிகளும் அதையே தேடித் தின்னும். உன் முருங்கையில் ஒரு சுடலைக்குயில் கத்துவதாகப் போன வருஷம் நீதானே தூக்கம் கெடுகிறது என்று சொன்னாய்? ரொம்பத் தொந்தரவாக இருந்தால் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கிறவற்றுக்கு மட்டும் தீப்பந்தம் காட்டச் சொல், நம் அப்பன்மார் செய்தது போல. மரம் இருக்கட்டும். அதுவரைக்கும் வேண்டுமானால் நிழலில் ஒரு அகலமான மண்தட்டில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் வை, நடுவில் ஒரு கல். தினமும் கொட்டிவிட்டு மாற்று, இல்லாவிட்டால் கொசுதான் வரும். நீ குனிய வேண்டாம், பேத்தி செய்வாள்.

ஜூலை 13 சென்னை வந்து சேருகிறோம். அன்று சாயங்காலமே முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை கோவில்பட்டியில் இறங்கி நேரே உன் வீட்டுக்குத்தான். பெட்டியில் 25 மில்லிமீட்டர் துளைபோடுகிற பிட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மரம் வெட்டுகிறவனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயானால், கொல்லைச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லிக் கழித்துக்கொள்.

மதினிக்கு எங்கள் அன்பு.

உன்,
ராமசாமி