உட்கார்ந்து பெற்ற பொருள்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மருமகள் தேர்வுக்குப் படிப்பது மகிழ்ச்சி. அவள் கேட்ட ‘அசிடுவஸ்லி’ (assiduously) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் ‘விடாமுயற்சியுடன்’ பாதிதான் சரி. ஒரே காரியத்தில் கவனம் சிதறாமல், நாள்தோறும் ஊன்றிச் செய்வதே அதன் பொருள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘அட்’ என்றால் அருகில், ‘செடேரே’ என்றால் உட்கார். சேரும்போது ‘அஸ்ஸிடேரே’, அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருத்தல். நோயாளியின் அருகே இருப்பதற்கும் நீதிபதிக்குத் துணையாக அமர்வதற்கும் ரோமானியர் இதையே சொன்னார்கள். ‘ஒரு இடத்தில் உட்கார்ந்து படி’ என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்த உட்காருதல்தான். வீட்டு வரிக்கு நாம் சொல்லும் ‘அசெஸ்மெண்ட்’டும் இதே வினையிலிருந்து வந்தது. உட்காருதலைக் குறிக்கும் சமஸ்கிருத ‘சத்’தும் இந்த வேரின் உறவு; உபநிடதத்தில் இருப்பது அதுதான்.

பழைய ரோமில் ‘அஸ்ஸிடுவுஸ்’ என்றால் சொத்துள்ள, வரி கட்டும் குடிமகன். பிள்ளைகளைத் தவிர நாட்டுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாதவன் ‘புரோலெட்டாரியுஸ்’. மார்க்ஸ் வழியாக நமக்குப் பழகிய சொல்லின் மூலம் அது. ‘அஸ்ஸிடுவுஸ்’ என்றால் செம்பு நாணயமான ‘அஸ்’ஸைக் கொடுப்பவன் என்று பழையவர்கள் விளக்கம் சொன்னதுண்டு. ஒலியை வைத்துக் கட்டியது, நம்ப வேண்டாம்.

எழுத்தில்தான் பலர் சறுக்குவார்கள். ‘அட்’டின் ‘டி’ அடுத்த ‘எஸ்’ஸாகத் திரிவதால் இரண்டு ‘எஸ்’. நன்னூலின் திரிதல் மாதிரிதான். ‘டி’க்குப் பின் ‘யு, ஓ, யு, எஸ்’. ‘இன்சிடியஸ்’ஸின் நினைவில் முதல் ‘யு’வை ‘ஐ’ ஆக்கிவிடுவார்கள். அதுவும் ‘செடேரே’ குடும்பம்தான், ஆனால் பதுங்கி உட்கார்ந்த வகை. சூழ்ச்சி என்று பொருள். ‘அசிடுவஸ்லி’யில் அழுத்தம் ‘சி’யில் விழும். பெயர்ச்சொல்லான ‘அசிடுயிட்டி’யில் அது ‘டு’வுக்கு நகரும்.

படித்தல், உழைத்தல், திரட்டுதல், தவிர்த்தல் போன்ற தொடர் வினைகளோடு சேர்க்கச் சொல். கதவைத் திறப்பது மாதிரி ஒரு நொடிக் காரியத்தோடு ஒட்டாது. எதிர்ப்பைத் தாங்கி நிற்பதற்கு ‘பெர்சிஸ்டன்ட்லி’, பிடித்த பிடி விடாததற்கு ‘டெனேஷியஸ்லி’. பின்னது ‘பிடி’ எனும் ‘டெனேரே’யிலிருந்து. மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவது தேர்வுத்தாள்களில் சகஜம், மதிப்பெண் போவதும் அங்கேதான்.

அன்புடன்,
ராமு