வாவியின் இரு கரையையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகர வரலாறு பற்றி உங்கள் வாரமலரில் வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். 1628இல் போர்த்துக்கீசர் மட்டக்களப்பு வாவியில் உள்ள புளியந்தீவில் கோட்டை கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தது, அப்புறம் ஆங்கிலேயர், 1967இல் மாநகர சபை என்று ஆண்டவர்களின் வரிசை சரியாகவே இருந்தது. குடியிருந்த சனத்தைத்தான் காணவில்லை. கோட்டையில் இருந்தவர்களுக்கு நெல் எங்கிருந்து வந்தது, பால் யார் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சே இல்லை.

மேற்கே படுவான்கரையில் வயலும் மாடும், கிழக்கே கடல் பக்கமான எழுவான்கரையில் தென்னையும் மீனும் நெசவும். இரண்டுக்கும் நடுவில் வாவி. தமிழ் ஊர்களும் காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களும் போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்த புளியந்தீவுப் பறங்கியர் வீடுகளும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் வளர்ந்தன.

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில்தான் அக்கரை போனோம். இரும்பு மிதவைமேல் பலகை அடித்த அந்தப் பாதையில் நெல் மூட்டை, தயிர் முட்டி, மோட்டார் சைக்கிள், கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போகிற சனம் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். வாடைக்காற்று பலமாக வீசினால் பாதை ஓடாது. படுவான்கரையில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் குடையும் கையுமாகத் துறையில் காத்து நிற்பார்கள். மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் குருமண்வெளியில் பாதை ஏறியவர்களிடமும் இப்படி எத்தனையோ கதை உண்டு.

குடியேற்றம் என்றால் பழங்காலச் சங்கதி மட்டுமில்லை. 2004 சுனாமியில் நாவலடியில் வீடு வாசலை இழந்த பலர் திராய்மடுவில் குடியேறியதை நாமே பார்த்தோம். அதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்க வேண்டும்.

மாநகர சபையிடமும் வாவியோரப் பிரதேச சபைகளிடமும் ஒன்று கேட்கிறேன். பழைய துறைகள் இருந்த நிலத்தை அளந்து எல்லைக்கல் போடுங்கள். மண் போட்டு நிரப்பி மதில் எழுப்பிய பிறகு அளந்து பயனில்லை, ஆகவே இதுதான் அவசரம். எந்தத் துறை, எந்தெந்த ஊருக்குப் பாதை ஓடியது என்று ஒரு பலகையும் நாட்டலாம்.

உங்கள் பத்திரிகை இரு கரையிலும் பாதை ஓட்டியவர்களைத் தேடிப் பேட்டி கண்டு தொடராகப் போட வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் யாரைப் பார்க்கலாம் என்று காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி.