தெருவைக் கொடுங்கள்: பினாங்கு இசை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழுவினருக்கு,

வணக்கம். போன வருடம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் நீங்கள் நடத்திய இசை விழாவில் நாதஸ்வரம் வாசித்துவிட்டுப் போன நாயனக்காரன் எழுதுகிறேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த நான்கு பேர் செட்டு: நாயனம் நான், இரண்டு தவில், ஒரு தாளம். ஊர் திரும்பிய கையோடு எழுதியிருக்க வேண்டும். கல்யாண சீசன், அப்புறம் மாசித் திருவிழா என்று தள்ளிப்போய்விட்டது. அடுத்த விழாவுக்கு இப்போது திட்டம் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நன்றி. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து பட்டர்வொர்த்தில் இறங்கினோம். "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டபடி ஓடி வந்தார் உங்கள் தம்பி ஒருவர். ஃபெர்ரியில் தவிலைத் தரையில் வைக்கவே விடவில்லை. கரை சேரும் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாப்பாடு, தங்குமிடம், சம்பளம் எதிலும் குறை கிடையாது. பேசிய மலேசிய வெள்ளியை வாசித்த அன்றே எண்ணிக் கொடுத்தீர்கள். எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை.

குறை, வாசித்த இடத்திலும் கொடுத்த நேரத்திலும்தான்.

அரங்கில் நல்ல ஏசி. நாயனத்துக்கு அது ஆகாது. வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணலில் செய்தது. வாயின் ஈரத்திலும் சூட்டிலும்தான் பேசும். குளிரில் குழலின் சுருதி இறங்கிவிடும், சுருதிப் பெட்டி இறங்காது. திரைக்குப் பக்கத்தில் நின்று ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். மேடையேறியதும் முதல் ஸா, அந்த ஷட்ஜமே சுருதியோடு ஒட்டவில்லை. குழலின் தலையில் இருக்கும் உலோகக் கெண்டையில் சீவாளியை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினேன். சரிப்படவில்லை. நாயனத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்ததில் மூன்றாவது சீவாளிதான் ஒருவழியாகச் சேர்ந்தது. அதற்குள் ஐந்தாறு நிமிடம் போய்விட்டது. எங்களுக்கு இருந்ததே 25 நிமிடம்.

ஒலி அமைத்த தம்பி, குழலின் அடியில் விரிந்திருக்கும் அணசின் வாயில் மைக்கைக் கட்டிவிட்டார். நாயனத்தின் நாதம் அணசு வழியாக மட்டும் வருவதில்லை. விரல் திறக்கும் ஒவ்வொரு துளையிலிருந்தும் வருகிறது. அங்கே கட்டினால் கீழ் சுரங்கள் முட்டும், மேல் சுரங்கள் மெலியும். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் அதற்கு முன் நாயனத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. தோடி ராகம் எடுத்திருந்தேன். காந்தாரத்தில் நின்று, தைவதம் வரை போய், மேல் ஷட்ஜத்தைத் தொடப்போகிற நேரத்தில் மேடையடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவ்வளவு நேரம் நான் கேட்கவில்லை. ராகம் மேல் ஷட்ஜத்தையாவது தொட வேண்டாமா?

கை தட்டினார்கள். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடலே. லிட்டில் இந்தியாவில் ஒரு கோயிலுக்குச் சாயரட்சைப் பூஜை பார்க்கப் போனோம். அங்கே வாசிக்கிறவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர், ஒப்பந்தத்தில் வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும், "கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். விடுதிக்கு ஆள் அனுப்பி எடுத்து வந்தோம். கோயில் வாசலில், தெருவைப் பார்த்து, இரண்டு நாயனம், மூன்று தவில். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்தப் புழுக்கத்தில் முதல் ஊதலிலேயே சீவாளி சுருதியில் உட்கார்ந்தது. கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது. மைக் இல்லை, விளக்கு இல்லை.

பூக்கடை அம்மா தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மலாய்க்காரர் ஒருவர் வேனை ஓரம் கட்டிவிட்டு இறங்கினார். எதிர்க்கடைச் சீனப் பெரியவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்குத் தோடி 40 நிமிடம். முடித்ததும் அந்தப் பெரியவர் வந்து குழலைத் தடவிப் பார்த்து, என்ன மரம் என்று கேட்டார். நரசிங்கம்பேட்டையில் கடைந்தது, பழைய வீட்டில் இருந்து எடுத்த ஆச்சா மரம், அந்த ஊர் நாயனம் 2022-இல் புவிசார் குறியீடு வாங்கியது என்று கோயில் செட்டில் தாளம் போடுகிற பையன் மலாயில் எடுத்துச் சொன்னான். அந்தப் பையனுக்குப் பதினான்கு வயது, பினாங்கிலேயே பிறந்தவன். போகும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டு, "நானும் படிக்கலாமா?" என்றான்.

இந்த ஊர் தெருவில் நின்று நாயனம் கேட்டுப் பழகிய ஊர். குவீன் ஸ்திரீட்டில் மாரியம்மன் கோயில் எழுந்தது 1833-இல். தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நகரத்தார் கோயில் போய்ச் சேர இரவாகிவிடுகிறது. வழியெல்லாம் ஜனங்கள் தேங்காயோடு காத்து நிற்கிறார்கள், அதில் எத்தனையோ பேர் சீனர்கள். மெதுவாக நகர்கிற ஒரு வாத்தியத்துக்குப் பொறுமையாகக் காது கொடுக்க இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களை ஏன் டிக்கெட்டுக்கு வெளியே நிறுத்துகிறீர்கள்?

எனவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த விழாவில் ஒரு மாலைப் பொழுதை எங்களுக்குத் தெருவில் கொடுங்கள். வண்டிகளை இரண்டு மணி நேரம் திருப்பிவிட்டால் போதும். மல்லாரியோடு நடந்து தொடங்கி, ஒரு முனையில் நின்று ராகம் வாசிக்கிறோம். முழுசாக ஒன்றரை மணி நேரம் வேண்டும். அரங்கில்தான் முடியும் என்றால், ஏசியை நிறுத்திவிடுங்கள், மைக்கை நாலடி தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. அந்தக் கோயில் வித்வான் உங்கள் அரங்கிலிருந்து பத்து நிமிட நடையில் தினமும் இரண்டு வேளை வாசிக்கிறார். அவரை நீங்கள் கூப்பிடவே இல்லை. எனக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தில் அவரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அதற்காக என் செட்டில் ஒரு தவிலைக் குறைக்க வேண்டுமென்றால் குறைத்துக்கொள்கிறேன். தாளம் அந்தப் பையன் போடட்டும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே நான் வந்துவிடுகிறேன், தினமும் காலையில் அவனுக்குப் பாடம் சொல்லித்தர. அந்த ஒரு வாரத்துக்குச் சம்பளம் வேண்டாம், தங்க இடம் மட்டும் கொடுத்தால் போதும்.

பதிலைக் கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள். நாணலைப் பதப்படுத்திச் சீவாளி கட்ட மாதக்கணக்கில் ஆகும். அவன் வாய்க்கு ஏற்ற மாதிரி நாலு சீவாளி இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் விழாவில் வாசித்த நாயனக்காரன்