இந்தியப் பெருங்கடல் நாடுகளின் அமைச்சர்களுக்கு, பண்ருட்டியிலிருந்து

வணக்கம்.

கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கம் சின்னதாக முந்திரித் தொழில் செய்கிறேன். உடைக்கவும் தோல் உரிக்கவும் பன்னிரண்டு பெண்கள் வருகிறார்கள். 1997ல் மொரிஷியஸில் தொடங்கிய உங்கள் இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் கூட்டமைப்பில் இன்று 23 நாடுகள் இருக்கின்றன. அதில் தான்சானியாவும் மொசாம்பிக்கும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மரங்களில் மாசியில் தொடங்கி வைகாசியோடு கொட்டை முடிந்துவிடும். பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த இரண்டு நாடுகளிலும் ஐப்பசி வாக்கில்தான் அறுவடையே ஆரம்பிக்கும், அதனால் இங்கே தீர்ந்த பிறகு அங்கிருந்து கப்பலில் வருவதை வைத்துத்தான் மிச்ச மாதங்களுக்கு வேலை கொடுக்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதே, புதுக் கன்று வைத்து அது காய்க்கும் வரை அந்தக் கொட்டைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

இரண்டு வருடம் முன்னால் நாலு பேர் சேர்ந்து ஒரு கன்டெய்னர் எடுத்தோம். 80 கிலோ மூட்டை, கிட்டத்தட்ட 200. தனியாக எடுக்க வசதி கிடையாது. அவுட்டர்ன் 48, அதாவது மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு தேறும் என்று பேச்சு. உடைத்துப் பார்த்தால் 42 கூட வரவில்லை, ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது என்றார் தரகர், பெட்டியை நாங்கள் திறக்கவே இல்லை என்றார்கள் கப்பல்காரர்கள். வெளிநாட்டில் வழக்கு போட்டால் வக்கீல் செலவே சரக்கு விலையைத் தாண்டும். சரி என்று விட்டுவிட்டோம். அந்த இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள்தான் என்னால் வேலை கொடுக்க முடிந்தது.

அதனால் கேட்கிறேன். ஏற்றும் துறைமுகத்திலும் இறக்கும் துறைமுகத்திலும் ஒரே முறையில் ஈரப்பதமும் அவுட்டர்னும் பார்த்துச் சீட்டு கொடுங்கள், இரண்டு அரசும் அந்தச் சீட்டை ஏற்கட்டும், வித்தியாசம் வந்தால் விலையில் கழிக்கட்டும். சின்னத் தொகைத் தகராறை வீடியோவிலேயே விசாரிக்கலாம், தமிழ், சுவாஹிலி, போர்த்துகீசு மூன்றிலும். ஈரக் கொட்டையைக் காட்டி விலையை அடித்துக் கேட்கும் தரகரிடம் அந்தப் பக்கத்து விவசாயியும் மாட்டிக்கொள்கிறார், அவருக்கும் இந்தச் சீட்டு வேண்டும்.

அப்புறம், உடைக்காத பச்சைக் கொட்டைக்கு மொசாம்பிக் போடும் ஏற்றுமதி வரியை எடுக்கச் சொல்லி எங்கள் ஆட்களில் சிலர் உங்களிடம் வருவார்கள். நான் அதைக் கேட்க மாட்டேன். 1990களில் உலக வங்கியின் வற்புறுத்தலால் அந்த வரியைக் குறைத்தார்கள், கொட்டை இந்தியாவுக்கு வந்தது, அங்கே ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. இங்கே வந்த வேலை அவர்களிடமிருந்து போன வேலை. அவர்கள் ஊர்க் கொட்டையில் ஒரு பங்கை அவர்களே உடைக்கட்டும், மிச்சத்தை நல்ல விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். எந்த வருடம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், இரண்டு பக்கமும் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் வேலை செய்யும் அக்கா ஒருவர் மூட்டையில் இருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். "அங்கயும் பொம்பளைங்கதான் உடைக்கிறாங்களா? ஓட்டு எண்ணெய் கையில பட்டா அவங்க என்ன பூசுறாங்க?" என்றார். முந்திரி ஓட்டில் இருக்கும் அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், இங்கே விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசுகிறார்கள். அங்கே என்னவென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கூட்டங்களுக்கு அதிகாரிகள் போகிறார்கள், ஒரு முறை இவர்களில் இருவரையும் கூட்டிப் போங்கள்.

ஐப்பசிக்குள் தான்சானியாவின் ம்ட்வாராவிலோ மொசாம்பிக்கின் நகாலாவிலோ ஒரு துறைமுகத்திலாவது அந்தச் சோதனையைத் தொடங்கிவிடுங்கள். இந்த முறையும் நாலு பேர் சேர்ந்துதான் வாங்கப் போகிறோம்.

இப்படிக்கு,
பண்ருட்டி முந்திரிக்காரன்